பின்லாந்தில் ஒரு வாடகை வீடு

பின்லாந்தின் தம்பெரே நகரம் இரண்டு பெரிய ஏரிகளுக்கு இடையே அமைந்தது. அதன் தென்கிழக்கே, காட்டின் நடுவே, ஹெர்வந்தா என்னும் புறநகர் உள்ளது. 2021 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய டிராம் வண்டி நம்மை அங்கே கொண்டு சேர்க்கும். 1970 களில் எழுந்த செங்கல் மாடிவீடுகளும் அவற்றைச் சூழ்ந்த பைன் மரங்களுமே அவ்விடத்துக் காட்சி. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பகுதி அங்கிருப்பதால் வீடு தேடி வருவோரிற் பலர் பிறநாட்டு மாணவர். அவர்களுள் நம்மவரும் உளர். அங்குச் சில கிழமை தங்கியிருந்து கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்காக எழுதுகின்றோம்.

வீட்டு விளம்பரம் முதற்பார்வைக்கு அட்சரகணிதம் போலத் தோன்றும். ஹுவொனே என்றால் அறை. கெய்த்தியோ என்றால் அடுக்களை. இவற்றின் முதலெழுத்துக்களைக் கூட்டற் குறியால் இணைத்து எழுதிவிடுவர். இரண்டு அறை எனக் கண்டதும் இரண்டு படுக்கையறை என்று கொள்ளலாகாது. வரவேற்பறையும் ஓர் அறையாகவே எண்ணப்படும். அடுப்பும் குளிர்ப்பெட்டியும் வீட்டோடு இருக்கும். கட்டில், மேசை முதலியன பெரும்பாலும் இரா. கழுவுதொட்டிக்கு மேலே அடித்தட்டுக்குப் பதிலாகக் கம்பிகள் பொருத்திய அலமாரி ஒன்று உண்டு. கழுவிய கோப்பைகளை அதனுள் நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். 1940 களில் மையூ கெப்ஹார்த் என்னும் அம்மையார் வகுத்த முறை இது. நம் வீட்டுப் பெண்கள் கண்டால் அன்றே ஒன்று கேட்பர்! மலசலகூடத்தில் நீர் தெளிக்கும் சிறு கைக்குழாய் இருப்பதும் நம்மவருக்குப் பேராறுதல்.

இனிப் பணத்தைப் பற்றிய பேச்சு. அங்குக் குடியிருப்பு வாடகைக்கென 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உளது. பிணைப்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேற் கேட்கச் சட்டம் இடந்தராது. ஒன்றோ இரண்டோ மாதமே வழக்கம். கொழும்பில் ஓராண்டு வாடகையை முன்னரே கேட்கும் வீட்டுக்காரரைக் கண்ட நமக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். யூரோவை ரூபாவாக்கிப் பார்த்தாற் கதை வேறு. பல வீடுகளில் அது தாயின் நகையை அடகு வைத்து எடுத்த பணம். இதனை அறிந்தே, இல்லாத வீட்டின் படத்தைக் காட்டிப் பணம் பறிப்போரும் உளர். வீட்டை நேரிற் காணாமலும், ஒப்பந்தம் எழுதாமலும், முன்பின் அறியாத ஒருவருக்கு ஒரு சதமேனும் அனுப்பலாகாது. இங்கிருந்து புறப்படுவோருக்கு நல்ல வழி மாணவர் வீடமைப்பு நிறுவனங்களே. ஹெல்சிங்கியில் 1969 இல் தோன்றிய ஹோவாஸ், தம்பெரேயில் தோவாஸ் என ஊருக்கு ஊர் உண்டு. இலையுதிர் காலத்தில் நெருக்கடி மிகுதி. ஆதலின் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவுடனேயே விண்ணப்பித்தல் வேண்டும்.

ஒப்பந்தம் இருவகைப்படும். காலவரையற்றதாயின் குடியிருப்பவர் ஒரு மாத முன்னறிவித்தலுடன் நீங்கலாம். அறிவித்த மாதத்தின் இறுதி நாளிலிருந்தே அம்மாதம் எண்ணப்படும். மார்ச் 5 இல் அறிவித்தவருக்கு ஏப்பிரல் 30 வரை வாடகை உண்டு. வீட்டுக்காரரோ, தக்க காரணத்தோடு, மூன்று மாதமும், குடியிருந்த காலம் ஓராண்டை எட்டியிருந்தால் ஆறு மாதமும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். காலவரையுள்ள ஒப்பந்தம் அவ்வாறன்று. குறித்த நாள்வரை இருதரப்பாரையும் அது கட்டும். நாம் அறிந்த மாணவர் ஒருவர் ஓராண்டுக்குக் கையொப்பமிட்டார். நான்காம் மாதம் ஊலு நகரில் வேலை கிடைத்தது. தமக்குப் பதிலாக ஒருவரை வீட்டுக்காரர் ஏற்கும்வரை இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்தார். வீட்டுக்கு அனுப்ப எண்ணிய பணம் அதிலே போயிற்று. தாளிற் பின்னிய மொழியில் எழுதப்பட்டிருப்பது விளங்காவிடின், அறிந்தவரைக் கொண்டு வாசித்தறிந்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.

குடிபுகும் நாளிலே சுவரிலும் தரையிலும் உள்ள பழுதுகளைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புதல் நன்று. குடிபெயர்ந்த ஒரு கிழமைக்குள் குடிசனப் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்தல் கடமை. மாடிவீடுகளில் வெப்பமூட்டும் செலவு பெரும்பாலும் வாடகையுள் அடங்கும். மின்சாரத்துக்கு நாமே தனி ஒப்பந்தம் செய்யவேண்டும். வீட்டுக் காப்புறுதியையும் பலர் கேட்பர்.

சலவை அறை பொதுவானது. முறை குறித்து வைத்தே துவைக்கலாம். சவுனா என்னும் வெந்நீராவிக் குளியலுக்கும் கிழமையில் ஒரு மணிநேரம் நமக்கென ஒதுக்குவர். சப்பாத்தை வாயிலிற் கழற்றுவதில் அவர்களும் நம்மைப் போன்றவரே. இரவு பத்து மணிக்குமேல் ஓசை ஆகாது. மிளகாய் வறுப்போர் முதலிற் காற்றிழுக்கும் விசிறியை இயக்குக. கூரையிலுள்ள புகை உணர்கருவி அலறினால் அயலவர் அனைவரும் விழிப்பர்.

நீங்கும்போது போறணையையும் குளிர்ப்பெட்டியையும் துலக்கி, குளியலறை வடிகாலில் அடைத்த மயிரையும் எடுத்தல் வேண்டும். திறப்புகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பூட்டை மாற்றும் செலவு பிணைப்பணத்திற் கழிக்கப்படலாம்.