பிள்ளைப்பாக்கத்துப் பிள்ளைகள்

ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறேன் என்று சொன்னால், "உடையவரைச் சேவிக்கவா?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. 1017-ல் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் அல்லவா? ஆனால் நான் போன வாரம் பஸ் ஏறியது பெருமாளைச் சேவிப்பதற்காக அல்ல. என் தங்கையின் இட்லிக் கடையைப் பார்ப்பதற்காக!

பூந்தமல்லி தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹுண்டாய் கார்கள் உருண்டு வந்துகொண்டிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 1991-ல் ராஜீவ் காந்தி உயிரிழந்த இடத்தில் நினைவகம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஒரகடம் பக்கம் சற்றுத் தூரம் போனால் பிள்ளைப்பாக்கம். பெரிய ஏரி, பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பேட்டை. ஒரு பக்கம் கொக்கு நிற்கிறது. இன்னொரு பக்கம் லாரி நிற்கிறது. இரண்டும் அசைவதாகத் தெரியவில்லை.

தங்கையின் கடை என்றால் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிப் போட்டது. போன தடவை பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த களை இந்தத் தடவை இல்லை.

"வித்துடலாம்னு இருக்கேன், அக்கா. இரண்டு தவணை பாக்கி. குழுவில மத்தவங்க முகத்தைப் பார்க்க முடியலை" என்றாள்.

"கூட்டம் இல்லையா?"

"ரோடு பூராக் கூட்டம்தான். யாரும் நிக்க மாட்டேங்கறாங்க."

வாஸ்தவம். இந்த வட்டாரத்துக்கு வடக்கத்தி மாநிலங்களிலிருந்து எத்தனையோ பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். தேனி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களும் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அடுத்தாற்போல் உள்ள வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாமாம்! ஒரு சிறிய பட்டணமே அது. இவ்வளவு வயிறுகள் இருக்கும் இடத்தில் ஓர் இட்லிக் கடை ஏன் படுத்துக்கொள்ள வேண்டும்?

நானும் சும்மா வரவில்லை. இருபது வருஷமாக என் கையால் அரைக்கும் பருப்புப் பொடியை அரைக் கிலோ பாட்டில்களில் அடைத்து, பன்னிரண்டு பாட்டில் கொண்டு போயிருந்தேன், தங்கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று. முதல் நாள் ஒரு பாட்டில்கூட நகரவில்லை. விலையில் இருபது ரூபாய் குறைத்துப் பார்த்தோம். அப்போதும் நகரவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தங்கையின் குழந்தைகள் வந்தன. மூத்தவள் நாலாம் வகுப்பு. சின்னவனுக்கு ஐந்து வயசு. பல் இரண்டு விழுந்தவன். பையைப் போட்டுவிட்டுப் பெண் நேரே சாலை ஓரத்துக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டத்தை மறித்துக்கொண்டு, "அக்கா, எங்க கடையில ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை வெட்கத்தால் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண்களோ நின்றுவிட்டார்கள். பதிலும் சொன்னார்கள். பாட்டில் பெரியது, அறையில் ஐந்து பேர், வைக்க இடமில்லை, ஒரே தடவையாக அவ்வளவு பணம் கொடுக்க முடியாது. இட்லி சரிதான், ஆனால் பொட்டலம் கட்டித் தருவதற்குள் விடுதிக் கதவு சாத்திவிடுகிறது. இவ்வளவும் இரண்டு நிமிஷத்தில் கிடைத்த சமாசாரம். ஆறு மாதமாகத் தங்கை யாரையும் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் விலையைக் குறைத்தேன்.

"பெரியம்மா, சின்னச் சின்னதாக் கட்டித் தாங்க" என்று வந்து நின்றாள் பெண்.

இதைக் கேட்டதும் எனக்குக் கடலூர் ஞாபகம் வந்தது. ஏழைகளும் வாங்கும்படி எதையும் சிறிய அளவில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வந்தவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்தவர்களில் முன்னோடி அவர். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே தொழில் தொடங்கினார். சிக் ஷாம்பூவை விற்கக் கிராமம் கிராமமாகப் போனபோது, ஒரு பையனை நிறுத்தி அவன் தலைக்கு ஷாம்பூ போட்டுக் காட்டி, கூடியிருந்தவர்களை அந்தத் தலைமயிரைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து காலி உறை கொண்டு வந்தால் ஒன்று இலவசம் என்றும் ஒரு திட்டம் போட்டார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு பிள்ளை உண்டு. அமெரிக்காவில் ஓமஹா நகரத்தில், பிற்காலத்தில் உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட், ஆறு வயசில் வீடு வீடாகப் போய்ச் சூயிங்கம் விற்றார். ஒரு மாது ஒரே ஒரு துண்டு போதும் என்று கேட்டதற்கு, பொட்டலத்தைப் பிரிக்க முடியாது என்று மறுத்துவிட்டாராம். பிரித்தால் மிச்சத்தை யார் வாங்குவது என்று கணக்குப் போட்ட பிள்ளை! அவர் பிள்ளைப்பாக்கத்தில் கடை போட்டிருந்தால் என் பொடியோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு முழுவதும் கட்டினோம், பத்து ரூபாய்ப் பொட்டலங்களாக.

சின்னவன் கதை வேறு. மறுநாள் வடக்கத்தி இளைஞன் ஒருவன் வந்து சட்னியைக் காட்டி ஜாடையில் ஏதோ கேட்டான். தங்கை, "காரமே இல்லை" என்று கையை ஆட்டினாள். பொடியன் குறுக்கே பாய்ந்து, "பொய்! தீக்கா! நான் அழுதேன்!" என்று கத்தினான். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் வடநாட்டுக் குழந்தைகளிடம் கற்றுக்கொண்டானாம். தங்கை பல்லைக் கடித்தாள். இளைஞன் விழுந்து விழுந்து சிரித்தான். சர்க்கரை தொட்டு நாலு இட்லி சாப்பிட்டான். அடுத்த நாள் இரண்டு சிநேகிதர்களை அழைத்து வந்து, கல்லாவுக்குப் போகாமல் நேரே பொடியனிடம், "இன்னிக்குத் தீக்காவா?" என்றான்.

குழந்தைகளிடம் கடையை ஒப்படைத்துவிடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்! அதே பொடியன் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எண்பது ரூபாய் சில்லறை கொடுத்தான். தன் தோழர்கள் மூன்று பேருக்குத் தாராளமாக இலவச இட்லியும் வழங்கினான். அதோடு, பள்ளிக்கூடம் போன நேரம் போக மிச்சத்தில் அம்மாவோடு நிற்பது வேறு, குழந்தையை வேலைக்கு வைப்பது வேறு. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஏழு மணி அடித்ததும் இரண்டையும் வீட்டுப் பாடம் எழுத விரட்டினேன்.

விரட்டிய பிறகுதான் வேடிக்கை. எட்டு மணிக்கு அடுத்த பஸ் வந்தது. கூப்பிடப் பெண் இல்லை. தங்கை கரண்டியைப் பிடித்துக்கொண்டு தவித்தாள். "நீ கூப்பிடேன்" என்றேன். "எனக்கு வராது, அக்கா" என்றாள். பஸ் காலியாகிக்கொண்டிருந்தது. சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் போனாள். "ஏம்மா, பொட்டலம் கட்டித் தயாரா இருக்கு, நிக்கவே வேண்டாம்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். குரல் நடுவில் உடைந்தது. ஆனாலும் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து பேர் வந்தார்கள்.

இதனால் கடன் அடைந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு தவணை கட்டியிருக்கிறாள், ஒன்று பாக்கி. இந்த வட்டாரத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. 2006-ல் அமர்க்களமாகத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டதே! வண்டியை விற்கும் பேச்சை மட்டும் இப்போதைக்கு எடுக்கவில்லை.

நான் ஊர் திரும்பும் பஸ்ஸில் பூந்தமல்லியை நெருங்கும்போது டெலிபோன் அடித்தது. பெண்தான்.

"பெரியம்மா, பொடி தீர்ந்துபோச்சு. தேனி அக்கா சொன்னாங்க, உப்பு கொஞ்சம் கம்மியாம். அடுத்த தடவை சரியாப் போடுங்க."

இருபது வருஷமாக அந்தப் பொடியை அரைக்கிறேன். என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, கால் கழுவியதும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தேன். கம்மிதான்.