குளியலறைக் குப்பை எங்கே போகிறது?

குளியலறைக் குப்பையைப் பற்றி எழுத ஒரு மௌலவிதானா கிடைத்தார் என்று நீங்கள் நினைக்கலாம். அரபுக் கல்லூரியில் பிக்ஹுக் கிதாபைத் திறக்கும் மாணவன் முதலில் ஓதுவது தொழுகையையோ நோன்பையோ அல்ல. தண்ணீரையும் சுத்தத்தையும் பற்றிய பாடத்தைத்தான். அது முடிந்த பிறகே தொழுகையின் பாடம் வரும். ஆகவே, குளியலறை எங்கள் பாடத்துக்குப் புறம்பான இடமல்ல.

அந்தப் பாடத்தில் ஓர் அளவு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் வுழூச் செய்தார்கள் என்றும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்றும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. ஏறக்குறைய முக்கால் லீற்றர். நான்கு முத்து ஒரு ஸாவு. நாளை லுஹருக்கு வுழூச் செய்யும்போது குழாயின் கீழ் ஒரு பேசினை வைத்துப் பாருங்கள். நான் தொகை சொல்லப் போவதில்லை, பேசின் சொல்லும். சொந்தத் தண்ணீரை இப்படி வீணாக்குவது மக்ரூஹ். பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்ட நீரில் மூன்று தடவைக்கு மேல் கழுவுவது ஹராம் என்றே ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகள் சொல்கின்றன.

'ஹஸ்ரத், எங்களுக்குத்தான் பீலியில் இரவு பகலாகக் கொட்டுகிறதே!' என்பீர்கள். மலைநாட்டுக்காரருக்கு இந்த எண்ணம் இயல்பு. ஆனால் நம் தண்ணீர் நம்மோடு நின்று விடுவதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வரும் கெஹெல்கமு ஓயாவும், மவுஸ்ஸாக்கலைக்கு வரும் மஸ்கெலியா ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றன. அந்தக் கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கும் நீரைத்தான் கொழும்பு மக்கள் குடிக்கிறார்கள். நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, கண்டியைத் தாண்டி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ஓடையில் வீசியதை வாங்கிக்கொள்ள, கீழே நமது உறவினர்களே இருக்கிறார்கள்.

குளியலறைக் குப்பையில் முதலில் கண்ணில் படுவது ஷாம்பு பக்கட். இதை ஊருக்கு ஊர் கொண்டு சென்றவர்கள் தமிழ்நாட்டுக் கடலூர்க்காரர்கள். சின்னிகிருஷ்ணன் என்பவர் ஏழைகளும் வாங்கும்படி சிறு பைகளில் பொருட்களை அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டிருந்தார். பிறகு 'வெல்வெட்' ஷாம்புவும், 1983இல் அவருடைய மகன் ரங்கநாதன் தொடங்கிய 'சிக்' ஷாம்புவும் சிறு பக்கட்டுகளிலேயே பெயர் பெற்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் பல மெல்லிய படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த அந்தப் பையைப் பிரித்து மறுபடி உருக்க முடிவதில்லை. பழைய இரும்புக்காரர் கூட அதைத் தொட மாட்டார்.

20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த சிறு பக்கட்டுகளை, உணவும் மருந்தும் தவிர, இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. பிளாஸ்டிக் தண்டுள்ள காது குடையும் பஞ்சுக் குச்சிக்கும் அப்போதே தடை வந்தது. அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அன்றாடம் கூலி வாங்கிச் செலவு செய்யும் வீட்டில் பெரிய போத்தல் வாங்கக் காசு ஏது? பக்கட் வாங்குபவளைத் திட்டுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து. டவுனில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் பெரிய கலனில் வாங்கி வைத்து, வீட்டுப் போத்தலில் தேங்காயெண்ணெய் போல அளந்து கொடுக்கலாமே! செவ்வரத்தை இலையை அரைத்துத் தேய்த்தாலும் தலை சுத்தமாகும். அதற்கு உறை இல்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்ட இலந்தை இலையைச் சேர்க்கும் நமக்கு, இலை அழுக்கை நீக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திரவ சோப்பை விடக் கட்டிச் சவர்க்காரம் மேல். அதன் உறை வெறும் காகிதமாகவே இருப்பதுண்டு. ஆனால் நமது குளிரிலும் பனியிலும் எதுவும் காய்வதில்லை; ஈரத் தட்டில் கிடக்கும் சவர்க்காரம் பாதி கரைந்தே போகும். துளையிட்ட சிரட்டையில் வையுங்கள். தேய்ந்த துண்டைப் புதியதன் மேல் ஒட்டி விடுங்கள்.

இனி, கேட்க வெட்கப்பட்டுப் பெண்கள் பயானுக்குப் பின் சீட்டில் எழுதி அனுப்பும் விடயம். மாதவிலக்குத் துணியைப் பற்றி ஸஹாபிப் பெண்கள் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். ஆடையில் பட்ட இரத்தத்தைச் சுரண்டி, நீரால் தேய்த்துக் கழுவி, அதிலேயே தொழலாம் என்ற பதிலை அஸ்மா (ரழி) அறிவித்தார்கள். ஆகவே துவைத்துப் பாவிக்கும் துணி இழிவானதல்ல. இழிவு என்று எண்ணி அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காயவைப்பதுதான் கெடுதி. ஈரம் நின்றால் நோய் வரும். மழை மாதங்களில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அடுப்படியில் ஒரு கொடி கட்டிக் கொடுப்பது வீட்டு ஆண்களின் வேலை. கணவன்மாருக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கடைப் பஞ்சையும் குழந்தையின் பேம்பர்ஸையும் பாவிப்பவர்கள் அவற்றை மலசலகூடக் குழியில் போடவே கூடாது. அவை உக்குவதில்லை, குழி விரைவில் நிரம்பி விடும். தோட்டத்து லயன்களில் பல குடும்பங்களுக்கு ஒரு குழி. கலி பவுசர் அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறாது. மழைக்குக் குழி பொங்கினால் அது இறங்குவது கீழேயுள்ள பீலிக்கு. பேம்பர்ஸிலுள்ள மலத்தை மட்டும் குழியில் தட்டிவிட்டு, மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள்.

உதிர்ந்த முடியையும் வெட்டிய நகத்தையும் மண்ணில் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவை மண்ணாகி விடும். பிளாஸ்டிக்கைப் புதைத்தால் உங்கள் பேரப்பிள்ளை மண்வெட்டி போடும்போதும் அப்படியே இருக்கும். வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பதும் வேண்டாம். புகைபோக்கி இல்லாத காம்பராவில் அந்த விஷப் புகை நிற்பது தொட்டிலைச் சுற்றித்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஓர் அரிசிப் பையில் சேர்த்து வையுங்கள். டவுனில் நகரசபை லொறி வரும் தெருவில் உங்களுக்கு ஒரு மாமியாவது இருப்பார். அடுத்த முறை போகும்போது பையையும் கொண்டு போங்கள். முதல் தடவை மாமி முகம் சுளிப்பார். கையில் கொஞ்சம் தோட்டத்து மரக்கறியும் இருந்தால் சமாளித்து விடலாம்.