விலாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்

ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த வருடம் தொடங்கிவிடும். காலண்டர் அச்சகங்கள் புது ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவது அன்றுதான். முருகன், லட்சுமி, சிரிக்கும் குழந்தை, அருவி என்று மாதிரி அட்டைகளை ஒன்றாகக் கோத்த தடித்த புத்தகம் அது. ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மளிகைக் கடை, நகைக் கடை, உரக் கடை என்று ஆர்டர் பிடித்து வருவார்கள். மார்கழி வரை மெஷின் ஓயாது.

1923இல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த ஊர் இது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சு, பிறகு காலண்டருக்கும் டைரிக்கும் பரவியது. சின்னக் கடைக்காரருக்கு இன்றும் மலிவான விளம்பரம் இந்தக் காலண்டர்தான். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் வருடம் முழுக்கக் கடையின் பெயர் தொங்கும். இப்போது அந்தப் பெயருக்கும் போன் நம்பருக்கும் பக்கத்தில் கியூஆர் கோடும் ஏறியிருக்கிறது. அதை அச்சில் ஏற்றுகிறவர்களைப் பார்க்க, ஆடி முடிந்த கையோடு அங்கே போனேன்.

நான் போன அச்சகத்தில் சாமி படங்கள் நாலு கலரில் பெரிய ஆஃப்செட் மெஷினில் முன்கூட்டியே ஆயிரக்கணக்கில் ஓடி முடிந்திருந்தன. கடைப் பெயருக்கான கீழ்ப்பட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. ஆர்டர் வர வர, சின்ன மெஷினில் ஒற்றைக் கலரில் விலாசம் அடிக்கிறார்கள். முந்நூறு அட்டை ஒரு கடைக்கு, ஐந்நூறு இன்னொரு கடைக்கு. ஒவ்வொன்றுக்கும் பிளேட் மாறும், கோடும் மாறும்.

டிசைன் பிரிவில் இருந்த பெண் திரையில் இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "ரெண்டும் ஒரே கடை சார். இதுல வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருக்கு. அதுல, திறந்ததும் 'வணக்கம்'னு தமிழ்ல தானா வரணும்னு கேட்டாங்க."

முதலாவதில் 25க்கு 25 கட்டங்கள். இரண்டாவதில் 41க்கு 41. ஒரே ஒரு வணக்கத்துக்கு இவ்வளவு நெரிசலா என்று கேட்டேன். இணைய முகவரிக்குள் தமிழ் அப்படியே போவதில்லை. புள்ளியையும் தனியாக எண்ணினால் 'வணக்கம்' ஏழு குறிகள். ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து, மொத்தம் 63 எழுத்துகள் சேர்கின்றன. பட்டையில் கோடுக்குக் கிடைக்கும் இடமோ இரண்டு சென்டிமீட்டர். முதல் கோட்டில் ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இரண்டாவதில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். "வணக்கத்தைக் கடைக்காரர் நேர்ல சொல்லிக்கட்டும்னு எடுத்துட்டேன்" என்றார்.

ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இந்தக் கோடு. காப்புரிமை வைத்திருந்தும், பொதுவான பயன்பாட்டுக்குக் காசு கேட்பதில்லை என்று அந்த நிறுவனம் முடிவெடுத்தது. அதனால்தான் சாத்தூர் சேவுக் கடை வரை அது வந்து சேர முடிந்தது. ஆனால் கோடு உருவாக்கித் தரும் இணையதளங்கள் எல்லாமே இலவசம் அல்ல. சிலவற்றில் கோடு நேராகக் கடையின் முகவரிக்குப் போகாமல், அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிப் போகும். பிறகு முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. சந்தா முடிந்தால் வழியே அடைபட்டுவிடும் என்பது அதன் ஆபத்து. ஆடியில் ஆர்டர் கொடுத்த காலண்டர், அடுத்த வருட டிசம்பர் கடைசி வரை சுவரில் இருக்கும். ஏறக்குறைய 17 மாதம். கடைக்காரர் யாரிடமோ போட்டு வாங்கி வந்த கோடு பொங்கலுக்குள் செத்துப்போன கதையை டிசைனர் சொன்னார். அதிலிருந்து, கொண்டுவரும் கோட்டை வாங்காமல் நம்பரை வாங்கிக்கொண்டு அவரே போட்டுத் தருகிறார்.

சின்ன மெஷினில் இருந்த ஆபரேட்டருக்கு வேறு கவலைகள். மங்கலப் பொருளில் கறுப்பு வேண்டாம் என்கிறார்கள் கடைக்காரர்கள். குங்குமச் சிவப்பில் கேட்பார்கள், மஞ்சளில் கேட்பார்கள், தங்கத்தாள் மேல் அடிக்கச் சொல்வார்கள். "அடர்ந்த குங்குமக் கலர் வெள்ளை மேல எடுத்துக்கும். மஞ்சள் எடுக்காது. தங்கத்தாள்ல லைட் பட்டா போனுக்குக் கண் கூசிரும்" என்றார். மை கூடினால் வெள்ளைக் கட்டங்கள் அடைபடும். குறைந்தால் கட்டங்கள் வெளிறும். லென்ஸை வைத்துக் கட்டத்தின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். கூராக இருந்த மூலைகள் ஐம்பதாவது தாளில் லேசாக மழுங்கியிருந்தன. சாவியைச் சற்றுத் திருகி மையைக் குறைத்தார்.

கோட்டைச் சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். கடைக்காரருக்கு அது வீண். அங்கே 'நல்வரவு' போடலாமே என்பார். நடுவில் பிள்ளையார் வேண்டும் என்பார். பிள்ளையாருக்கு வழி இருக்கிறது: உச்ச அளவுப் பிழைதிருத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் கோடு படிக்கும். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை அந்தத் திருத்தம் காப்பாற்றாது. ஆகவே பிள்ளையார் சின்னதாக நடுவில்தான் உட்கார வேண்டும்.

நான் இருந்தபோது சேவுக் கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். கோட்டைத் தட்டினால் தன் பேஸ்புக் பக்கம் திறக்க வேண்டும் என்றார்.

"அங்க போய் அவங்க என்ன செய்வாங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் மேனேஜர்.

"படம் பாப்பாங்க."

"பாத்துட்டு?"

அண்ணாச்சி சற்று யோசித்தார். தீபாவளிக்கு வெளியூரிலிருந்து போனில் கிலோக்கணக்கில் சொல்கிறார்கள், லைன் கிடைக்காமல் சிலர் விட்டுவிடுகிறார்கள் என்றார். கோடு வாட்ஸ்அப்புக்குப் போவதென்று முடிவானது. அதன் கீழே 'சேவு ஆர்டர் செய்ய' என்று மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம் என்றார் மேனேஜர். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் கோடு வேலை செய்யாது என்பது அவர் அனுபவம். 2016இல் யுபிஐ வந்த பிறகு ஜனங்களுக்குக் கோடு என்றால் பணம் கட்டுவது என்று பதிந்துவிட்டது. எதற்கென்று எழுதாத கோட்டைத் தட்டப் பயப்படுகிறார்கள்.

இவ்வளவையும் தாண்டி ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர், தாள்கட்டுகளை அட்டையில் பொருத்தும் பெண்களில் மூத்தவர். முன்பெல்லாம் சாத்தூர் கட்டில் கோவில்பட்டி அட்டை கலந்தால் அடுக்கும்போதே தெரிந்துவிடும். பெயர் தப்பாக அடித்திருந்தாலும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். "இது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. பேரு சரியா இருந்து கட்டம் வேற கடையோடதா இருந்தா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எழுத்தைக் கண்ணால் சரிபார்த்து வளர்ந்த தொழிலில், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத எழுத்து நுழைந்திருக்கிறது.

அதற்கு அங்கே கண்டிருக்கும் வழி எளிது. பிளேட் மாறும்போது முதல் தாளையும் கடைசித் தாளையும் ஆபரேட்டர் தன் போனில் தட்டிப் பார்க்கிறார். அடுக்கும் பெண் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பென்சிலால் டிக் போடுகிறார். அதற்கு வைத்திருப்பது கேமரா கண்ணாடி கீறிய பழைய போன். புதுப் போன் எதையும் படித்துவிடும். இது படித்தால்தான் பாட்டி வீட்டு போனும் படிக்கும் என்கிறார்.

இந்த வேலைக்குப் பில்லில் இடம் இல்லை. 'கியூஆர் கோடு இலவசம்' என்று ஏஜென்ட் சொல்லியே ஆர்டர் பிடிக்கிறார். கோடு போட ஒரு நிமிடம் ஆகிறது, அதை இலவசமாகத் தரலாம். சரிபார்க்க ஆகும் நேரம் ஆபரேட்டருடையது, அடுக்கும் பெண்ணுடையது. போட்டியில் ஒரு ரூபாய் ஏற்ற யோசிக்கும் முதலாளிகள்கூட, சோதனைக் கூலி என்று ஒரு வரியை வரும் ஆடிப்பெருக்கு ஆல்பத்தின் விலைப்பட்டியலில் சேர்க்கலாம். முந்நூறு வீட்டுச் சுவரில் தன் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போகாமல் இருக்க, எந்த அண்ணாச்சியும் அந்தக் காசைக் கொடுப்பார்.