சைகோனிலிருந்து வந்த ரைஃபிள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால் எங்கள் வீட்டில் நடக்கிற முதல் வேலை, என் மச்சினன் தன் ரைஃபிளைக் கோணிச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவதுதான். முப்பது வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. போன முறை ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தபோது, "மாமா, அன்னிக்கு நீங்க குறுக்க வராம இருந்திருந்தா சீமைத் துப்பாக்கி இல்ல இருந்திருக்கும் என் கையில" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு வர அவனுக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

1987. அப்போது நான் தாலுகா ஆபீசில் உதவியாளன். திருத்தணியும் கனகம்மாசத்திரமும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம் போக வேண்டும். எங்கள் பக்கத்து வேர்க்கடலைக்கும் கரும்புக்கும் காட்டுப்பன்றி பெரிய தொல்லை. பகலெல்லாம் கரும்புக்குள் படுத்திருந்து, இரவில் கூட்டமாக வந்து கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். மச்சினனின் அப்பா வைத்திருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. அது சத்தம் போடும், அவ்வளவுதான். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு, கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது என்று அவனுக்குப் பலமுறை எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. எப்படியோ அலைந்து ரைஃபிளுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டான். இன்ன தேதிக்குள் ஆயுதத்தை வாங்கிக் காட்ட வேண்டும் என்று அதில் கெடு போட்டிருந்தது.

தப்பு என் வாயில்தான் தொடங்கியது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பா அங்கே ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். என்னோடு படித்த ஒருவனின் தகப்பனார் சைகோனில் பிரெஞ்சு சர்க்காரின் சுங்க இலாகாவில் இருந்துவிட்டு, ஊர் திரும்பும்போது ஒரு வேட்டை ரைஃபிளைக் கொண்டு வந்திருந்தார். அவர்கள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்கு எதிர்ச்சுவரில் அது தொங்கும். மேலே டெலஸ்கோப். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் அவன் அம்மா கொடுக்கிற ரொட்டியைத் தின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் சாப்பாட்டின்போது இந்தக் கதையை மச்சினனிடம் பெருமையாக அளந்துவிட்டேன். அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார், துப்பாக்கியை விற்கப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறே அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புதுச்சேரி போய், என் பெயரைச் சொல்லி ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றான். மனைவியின் வளையலை அடகு வைத்த பணம். விலை ஒன்பதாயிரம். என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வாரிசுகள் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது சர்க்காருக்குப் போகும். இது ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவு. தனிநபர் விற்பதானால் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு பிரிவு. என் நண்பன் அப்போது பிரான்சில், பிரெஞ்சுப் பிரஜை. அம்மா மட்டும் இங்கே. அவர்களுக்குக் கெடு முடிய நான்கு மாதம்கூட இல்லை. மாடி ஒழுகுகிறது, மழைக்குள் ஓடு மாற்ற வேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

அரக்கோணம், காஞ்சிபுரம், திண்டிவனம் என்று பஸ் மாறி இருவரும் போய்ச் சேர்ந்தோம். துப்பாக்கி ஒரு கடையில் டெபாசிட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்த, போலீசில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போனேன். கடைக்காரர் மேஜைமேல் துணி விரித்து அதை வைத்ததும் மச்சினன் முகம் மலர்ந்தது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். குழல்மேல் செயின்ட் எத்தியென் ஊர் மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் முழுப் பெயரும் பொறித்திருந்தது. ஆயுதமும் சைக்கிளும் செய்கிற கம்பெனி. 'இரோந்தெல்', அதாவது தகைவிலான் குருவி என்ற பெயரில் அவர்கள் சைக்கிள் அந்தக் காலப் புதுச்சேரியில் ஓடும். துப்பாக்கியின் பெயர் 'ரிவால்'. ஜெர்மன் மாசர் முறை போல்ட்.

கீழே '10,75 x 68' என்று இருந்தது. பிரெஞ்சுக்காரன் தசமத்துக்குப் புள்ளி வைக்கமாட்டான், காற்புள்ளிதான் வைப்பான். பத்தேமுக்கால் மில்லிமீட்டர். ஆனால் பழைய லைசென்சில் நகல் எழுதிய யாரோ ஒரு குமாஸ்தா காற்புள்ளியை விழுங்கிவிட்டு '1075 போர்' என்று எழுதியிருந்தார். ஆயிரத்து எழுபத்தைந்து! பீரங்கிகூட அவ்வளவு வராது. நானும் குமாஸ்தா என்பதால் சிரிக்கவில்லை. இந்த ஒரு காற்புள்ளியைத் திருத்த எத்தனை மேஜை ஏற வேண்டியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

பிறகு பெரியவர் வேலையைத் தொடங்கினார். அவசரமே இல்லை. முதலில் நம்பர்: போல்ட்டிலும் உடம்பிலும் லைசென்சிலும் ஒன்றாக இருக்கிறதா. இருந்தது. அடுத்து திருகாணிகளின் தலை. அரசல் புரசலாகத் தேய்ந்திருந்தால் தெரியாதவன் கழற்றியிருக்கிறான் என்று அர்த்தம் என்றார். இரண்டு தலை தேய்ந்திருந்தன. கட்டையைக் கையில் பிடிக்கிற குறுகலான இடத்தில், எண்ணெய்க்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். பெரிய குண்டு போடுகிற துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையில் வருவது. அதுவரை மச்சினன் "பரவால்லீங்க, ஆசாரிகிட்ட பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போல்ட்டை உருவி, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "வாங்க சார், பாருங்க" என்றார். நல்ல குழல் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும். திருகு வரிகள் முனை மழுங்காமல் சுற்றிக்கொண்டு போவது தெரியும். இங்கே வாய்ப்பக்கம் நன்றாக இருந்தது. தோட்டா உட்காருகிற இடத்தைத் தாண்டினால் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தக் காலத் தோட்டாவின் குதிரைமருந்து வெடித்ததும் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுவிடும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவவில்லை என்றால் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். சைகோன் ஈரம், அப்புறம் புதுச்சேரிக் கடற்காற்று. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். செங்காவி நிறத்தில் வந்தது.

டெலஸ்கோப் வியன்னாவின் காலஸ் கம்பெனி. உயர்ந்த சரக்குதான். நான் ஆகாயத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தேன். குறிக்கம்பிக்குப் பின்னால் சிலந்திவலை பின்னியதுபோலப் பூஞ்சை. கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறிவிட்டால் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது. பிரித்துச் சுத்தம் பண்ண அன்றைக்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். தோட்டா? பெட்டியில் ஏழு இருந்தன, பித்தளையில் பச்சைக் களிம்பு. நம் ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகள் .315 செய்கின்றன, இந்த 10,75 செய்வதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் அடைத்துவிட்டது. செய்த கம்பெனியே இரண்டு வருஷம் முன்பு திவாலாகி மூடியாயிற்று. பெரியவர் மச்சினனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சுட்டா சுடும். ஏழு தடவை. எங்க போய் விழும்னு மட்டும் என்னைக் கேக்காத."

மச்சினன் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். "மாமா, சுவத்துல மாட்டினாலும் கௌரவம்தான். நீங்க சும்மா இருங்க." எனக்கும் சும்மா இருந்துவிட ஆசைதான். சும்மா இருந்தால் அந்த அம்மாவின் கூரை சரியாகும். ரொட்டி தின்ற வீடு. ஆனால் என் மனைவியின் தம்பி, நிலத்தின் பேரில் கடன் வாங்கி மீதி எட்டாயிரத்தைக் கொடுக்கப் போகிறான் என்பதும் எனக்குத் தெரியும். விரிசல் விட்ட கட்டையைத் தோளில் வைத்து அந்தப் பழைய தோட்டாவைப் போடுவான் என்பதும் தெரியும். "வேண்டாம்" என்றேன். அவன் பதில் பேசாமல் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

நான் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதிர்ச்சுவரில் இரண்டு ஆணியும், சுண்ணாம்பு மங்காத ஒரு நீளத் தடமும் இருந்தன. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். கெட்ட சேதி சொல்ல அந்தப் பாஷை வசதி. அம்மா தமிழிலேயே கேட்டார்கள். "குழல் போயிடுச்சா தம்பி?" "ஆமாம்மா." "அவர் கடைசி வருஷங்கள்ல அதைத் தொடவே இல்ல. எனக்குத் துடைக்கத் தெரியல." எழுந்து போய் பிஸ்கட் டின்னைத் திறந்து மச்சினனின் ஆயிரத்தையும் அப்படியே எடுத்து வைத்தார்கள். அவன் கொடுத்த அதே நோட்டுகள், ரப்பர் பேண்டுகூட மாற்றவில்லை. காபி குடித்துவிட்டுப் போ என்றார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வாங்க வரவில்லை. கெடு முடிவதற்கு முன் துப்பாக்கியைச் சர்க்காரிடமே ஒப்படைக்கிறோம் என்று ஒரு மனுவை நானே எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். 10,75 என்று காற்புள்ளியோடு எழுதினேன். கூரைக்கு மகன் பாதி அனுப்பினான். மீதி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மச்சினன் அந்த வருஷமே இஷாப்பூர் .315 ஒன்று வாங்கினான். பன்றி இன்றுவரை கடலைக் கொல்லைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்டுகிறான்.

மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று அம்மா எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் பழைய விலைப்பட்டியல், சின்ன வயதில் நாங்கள் படம் பார்த்துப் பார்த்துக் கிழித்தது. தையல் மெஷின், சைக்கிள், தூண்டில் எல்லாம் தாண்டி, துப்பாக்கிப் பக்கத்தில் 'ரிவால்' விலைக்குக் கீழே நீலப் பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் அந்தப் பெரியவரின் பொடி எழுத்தில் ஒரு வகுத்தல் கணக்கு: விலையை மாதச் சம்பளத்தால் வகுத்திருந்தார். ஐந்தரை மாதம் என்று விடை வந்திருந்தது.