சிவப்புக் கோடும் இடமாற்றமும்

கரம்பொன், 2024 ஜூன் 27, வியாழன்

நேற்று நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் சுகவீன லீவு போட்டார்கள். கொழும்புக் கோட்டையில் ஊர்வலம் போனவர்கள்மேல் பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். சுபோதினி குழு சிபாரிசு செய்த சம்பள உயர்வில் இன்னும் கொடுபடாத மூன்றில் இரண்டு பங்கைத்தான் அவர்கள் கேட்டார்கள். 2021இலும் இதே சம்பளப் பிரச்சினைக்காக, ஜூலை 12 முதல் மூன்று மாதத்துக்கு மேலாக, இரு பகுதியாரும் சேர்ந்தே இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நின்ற இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினை அதே ஜூலையில் கைதுசெய்து, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவு கேப்பாப்புலவு முகாமுக்குக் கொண்டுவந்தபோது அதிபர் சங்கங்களும் அவர் பக்கமே நின்றன. சம்பளம் என்று வந்தால் தோளோடு தோள் நிற்பவர்கள் பாடசாலைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போவது ஏன்? அதிபருக்கும் ஆசிரியருக்கும் பிறவிப் பகை கிடையாது. பகையை உண்டாக்குவது அவர்களை அமர்த்தியிருக்கும் முறைதான் என்பது என் கருத்து.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை முகாமையாளர்கள் நடத்தினார்கள். ஆசிரியரை எடுப்பதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இருந்தன. அரசு பொறுப்பேற்ற பிறகு ஆசிரியரின் வேலைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அந்த மாற்றத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நியமனமும் ஒழுக்காற்று அதிகாரமும் வலயத்துக்கும் மாகாணத்துக்கும் போய்விட, அதிபரிடம் மிஞ்சியவை சில்லறை அதிகாரங்களே: நேரசூசி, வகுப்புப் பங்கீடு, லீவுச் சிபாரிசு, சம்பள ஏற்றப் படிவத்தில் ஒரு கையெழுத்து, வரவுப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு. பெரிய விஷயத்தில் கை கட்டப்பட்ட அதிபரால் சின்ன விஷயங்களில்தான் தன் அதிகாரத்தைக் காட்ட முடிகிறது. சண்டையும் அங்கேயே தொடங்குகிறது.

அந்தச் சிவப்புக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். காலை 7.30க்கு மணி அடித்ததும் கடைசிக் கையெழுத்தின் கீழ் அதிபர் கோடு கீறுகிறார். அதற்குப் பின் வருபவர் கோட்டுக்குக் கீழே நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக வரும் பஸ்ஸோ, காரைநகரிலிருந்து வரும் பாதைப் படகோ பிந்தினால் நாலைந்து பேர் ஒரேயடியாகக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள். கோடு கீறுவது அதிபரின் கடமை. அதில் குற்றமில்லை. எல்லாருக்கும் ஒரேமாதிரி கீறுகிறாரா, பஸ் பிந்திய நாளைச் சொந்தச் சோம்பலிலிருந்து பிரித்துப் பார்க்கிறாரா, தனக்கு வேண்டியவருக்காகப் பேனையைக் கொஞ்சநேரம் கீழே வைக்கிறாரா என்பவைதான் கேள்விகள். ஒரே கோடு ஒரு பாடசாலையில் ஒழுங்காகவும் இன்னொன்றில் பழிவாங்கலாகவும் ஆகிவிடலாம்.

ஜூன் 29, சனி

ஒழுங்கா பழிவாங்கலா, இரண்டில் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வரவுப் பதிவேடு, நேரசூசி, லீவுப் புத்தகம், ஆசிரியர் கூட்ட அறிக்கை, சம்பவத்திரட்டுப் புத்தகம் எல்லாம் பாடசாலை அலுமாரியிலேயே இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் அதிபர் பாரபட்சம் காட்டினாரா, ஆசிரியர் கடமை தவறினாரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் நம் வழக்கம் வேறு. மொட்டைக் கடிதம் போகிறது. அரசியல்வாதியின் காதில் போடுகிறார்கள். பெற்றோரைக் கூட்டிப் படலையைப் பூட்டுகிறார்கள். சத்தம் கூடினால் அதிபரையோ இரண்டு ஆசிரியரையோ மாற்றி விவகாரத்தை மூடிவிடுகிறார்கள். யார் செய்தது பிழை என்று எங்கும் எழுதப்படுவதில்லை. பிழை செய்த அதிபர் புதிய பாடசாலையிலும் அதையே செய்வார். பிழை செய்யாதவர் கறையோடு போவார். நெடுந்தீவுக்கோ ஊர்காவற்றுறைக்கோ அனுப்புவதைத் தண்டனை என்று நினைக்கும் மனப்பான்மையும் இதோடு ஒட்டியிருக்கிறது. தண்டிக்கப்பட்டவரைத்தான் இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதைவிட அவர்களுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

2016 செப்டெம்பரில் உடுவில் மகளிர் கல்லூரியில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே விஷயம் மறுபக்கம்: 60 வயதான அதிபருக்குச் சேவை நீடிப்பு வேண்டும் என்று மாணவிகள் போராடினார்கள், நிர்வாகம் மறுத்தது. மாணவிகள் தாக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. நிர்வாகத்துக்கு அந்த உரிமை இருந்திருக்கலாம். ஆனால் பாதிக்கப்படுபவர்கள் ஏற்கும்படி காரணத்தை விளங்கப்படுத்தாமல் செய்யும் மாற்றம், விரும்பப்படும் அதிபரானாலும் வெறுக்கப்படுபவரானாலும், பாடசாலையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அதிபருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதற்குப் பதுளை சாட்சி. 2018 ஜனவரியில், ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்ததற்காகத் தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபரை ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க முழந்தாளிட வைத்தார் என்ற முறைப்பாடு நாட்டையே உலுக்கியது. முறைப்பாட்டை அரசியல்வாதியின் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்கள், அதே வீட்டுக்கு நாளை தாங்களும் கூப்பிடப்படலாம் என்பதை நினைக்க வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

கண்டிப்பான அதிபரை எவருக்குத்தான் பிடிக்கும், ஆசிரியர் முறைப்பாட்டுக்கெல்லாம் விசாரணை வைத்தால் எந்த அதிபரும் வேலை வாங்கத் துணியமாட்டார் என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதை அளவுகோலாக வைக்கக்கூடாது என்பதால்தான் ஆவணத்தைப் பார்க்கச் சொல்கிறேன். நேர்மையாகக் கண்டிப்புக் காட்டியவரை அந்தப் பதிவேடே காப்பாற்றும். இடமாற்றம் அவரைக் காப்பாற்றாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: விசாரணை மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை பிள்ளைகளின் படிப்புக் கெடும். விசாரணைகள் இழுபடுவது உண்மைதான். ஆகவே கால எல்லை வேண்டும். வலயத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து, இரு பக்கத்தையும் கேட்டு, ஒரு மாதத்துக்குள் முடிவை எழுதி இரு பக்கத்துக்கும் கொடுக்கட்டும். உயிராபத்தோ பிள்ளைகளுக்குத் தீங்கோ இருந்தால் அதற்கு முன்பே தற்காலிகமாக விலக்கி வைக்கலாம். ஆனால் அந்த விலக்கலைத் தீர்ப்பாக்கிவிடக்கூடாது.

ஆசிரியரும் பெற்றோரும் அதிபரைத் தெரிவுசெய்யட்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சிகாகோ நகரம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைச் செய்து பார்த்தது. ஆறு பெற்றோர், இரண்டு ஊரவர், இரண்டு ஆசிரியர், அதிபர் அடங்கிய சபைக்கு அதிபரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தும் அதிகாரம் கிடைத்தது. அந்நகரப் பாடசாலைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002இல் வெளியிட்ட நூலில், அதிபர், ஆசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுத்த பாடசாலைகளில் வாசிப்பும் கணிதமும் முன்னேறியதைக் காட்டினார்கள். சாதியும் கட்சியும் நுழைய வழியுள்ள நமது ஊர்களில் தெரிவு முறையை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் குறித்த தவணையில் அதிபரின் வேலையை மதிப்பிடுவதும், அதில் ஆசிரியரின் குரலை எழுத்தில் எடுப்பதும் இங்கேயும் முடியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோருக்கு முடிவை அறிவிக்கும் இடமாக அதையே வைத்துக்கொள்ளலாம். தீவகக் கல்வி வலயம் சின்ன வலயம். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பாடசாலைகளில் இதைத் தொடங்கப் புதுக் கட்டடமோ புதுப் பதவியோ வேண்டியதில்லை. அடுத்த முறைப்பாடு வரும்போது, இடமாற்றக் கடிதம் எழுதுவதற்கு முன் அந்த அலுமாரியைத் திறக்கும்படி ஒரு சுற்றறிக்கை போதும்.