பேச்சில்லை என்று யார் சொன்னது

கொல்லிமலையில் சாமை விதை எடுப்பது பெண்கள் வேலை. எந்தக் கதிரை விதைக்கு விடுவது, எப்படிக் காயவைப்பது எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதைப் பதிவுசெய்து பட்டன் போனில் ஊரூராகக் கேட்கவைக்க நாங்கள் சிலர் கிளம்பினோம். மலையில் சிக்னல் கிடைக்கும் இடமாகத் தேடி நிற்க வேண்டும். அதனால் கோப்பு சின்னதாக இருந்தாக வேண்டும். செல்போன் பேச்சுக்காக 1999இல் ஏற்கப்பட்ட ஏஎம்ஆர் வடிவம் இதற்குப் பொருந்தியது.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதினேன். கடினமான கணக்கை ஓப்பன்கோர் ஏஎம்ஆர் என்ற திறந்த நூலகம் பார்த்துக்கொள்ளும். நொடிக்கு 8000 மாதிரிகள் உள்ள ஒலியை 160, 160ஆக, அதாவது 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து வாங்குவது என் வேலை. ஒரு நிமிடப் பேச்சு 9,60,000 பைட்டிலிருந்து 96,000க்கு இறங்கும். ஆகக் குறைந்த 4.75 கிலோபிட்டில் 39,000. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது.

நூலகம் எடுத்ததுமே ஒன்று கேட்கும்: டிடிஎக்ஸ் வேண்டுமா? வேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டிலும் பேச்சு இருக்கிறதா என்று அதுவே முடிவுசெய்யும். சுற்றியுள்ள இரைச்சலுக்கு மேலே எழாத குரல் அதற்குப் பேச்சாகப் படாமல் போகலாம். எடுத்துவிட்ட இடத்தில் வெறுமை கேட்டால் லைன் அறுந்ததோ என்று எதிர்முனையில் இருப்பவர் நினைப்பார். அதனால் சுற்றுச்சத்தத்தைச் சராசரியாக்கி ஓர் இரைச்சலை நிரப்புவார்கள். அதன் பெயர் கம்ஃபர்ட் நாய்ஸ். (யாருக்கு கம்ஃபர்ட் என்று பெயர் வைத்தவர்கள் சொல்லவில்லை.) பேட்டரிக்கு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. போனில் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்.

எங்கள் பதிவுகளோ அடுப்படியில் நடந்தவை. வெளியே மழை, பக்கத்தில் உலக்கைச் சத்தம். தணிந்து பேசுவது பெண்களின் சுபாவம் என்பார்கள். திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. விதை நேர்த்தியைக் கணீரென்று சொல்லிவந்த அத்தை ஒருவர், சாமைக் காட்டில் மரவள்ளி போட வீட்டில் முடிவான வருஷத்துக்கு வந்ததும் குரலை இறக்கினார். யாருக்கும் தெரியாமல் ஒரு படி சாமையைப் பானையில் ஒளித்து வைத்தாராம். இன்று அவர் காட்டில் நிற்பது அந்த விதையின் வழிதான்.

இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். டிடிஎக்ஸ் இல்லாததில் கதை முழுசாக இருந்தது. போட்டதில் ஒளித்த இடம் மட்டும் காணோம், மிருதுவாக ஒரு இரைச்சல். அத்தையிடமே போட்டுக் காட்டினேன்.

"மழைதான் பேசுது. நா எங்க கண்ணு?"

"அந்த எடம் இருக்கட்டுமா அத்தை, எடுத்துறட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார். "எம்பேரை எடுத்துரு. சொன்னது இருக்கட்டும்."

என் நிரலில் டிடிஎக்ஸ் அணைந்தே இருக்கும். வேண்டுபவர் முழுப்பெயரைத் தட்டித்தான் போட வேண்டும். போட்டால், எந்தெந்த நொடிகளைப் பேச்சில்லை என்று தள்ளியது என்ற பட்டியலை அச்சிடும். அனுப்பும் முன் ஒருவர் உட்கார்ந்து அந்த இடங்களைக் கேட்கலாம். கோப்பு பெருத்ததை 7.95 கிலோபிட்டுக்கு இறக்கிச் சரிக்கட்டினேன். அத்தையின் நான்கு நிமிடம் 2,52,006 பைட். செம்மேட்டிலிருந்து ஏற்றினோம், பஸ் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.