எட்டுப் பேரும் ஒரு கிழட்டு ராஜாவும்!

சோமனூரிலிருந்து ஒரு கூட்டம் ஒட்டுக்காகக் கிளம்புகிறதென்றால் அது பழனிப் பாதயாத்திரையாக இருக்கும். இல்லாவிட்டால் சபரிமலை. கொஞ்சம் வசதியான கூட்டம் என்றால் காசி, ராமேஸ்வரம். எங்கள் கூட்டம் கிளம்பியது லண்டனுக்கு. அதுவும் எதற்கு? ஒரு நாடகம் பார்க்க!

"நாடகம் பாக்கறதுக்கா ஏரோப்ளேன்ல போறீங்க?" என்று தறிக்குடோன் தறிக்குடோனாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பக்கத்து ஊரில் விடிய விடிய உடுக்கடித்து அண்ணன்மார் கதை சொன்னால், போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்காருகிற ஜனம்தானே நாம்? தூரம் மட்டும் கொஞ்சம் அதிகம்!

சோமனூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையிலிருந்து ஈரோடு போகிற ரயில் பாதையில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காடா துணி நெய்கிற ஊர். விசைத்தறிகள் 'டடக்... டடக்'கென்று ராப்பகலாக ஓடும். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் குழந்தைகள் தூங்கும். சத்தம் நின்றால் எழுந்து அழும்.

2022 ஜனவரியில் சத்தம் நின்றது. கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வேலை இல்லாத சாயங்காலங்களில் டீக்கடை பெஞ்சில் என்ன செய்வது? பேச்சுத்தான். எங்களிடம் ஒரு டூர் சீட்டு வேறு இருந்தது. காசிக்கென்று பிடித்த சீட்டு. கொரோனா வந்ததில் காசி போகவில்லை. ஆனால் பணம் மட்டும் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது.

நான் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையரானவன். எங்கள் மெடிக்கல் ஷாப்காரர் என் பழைய மாணவர். அவர்தான் ஆரம்பித்தார்:

"சார், எட்டாப்புல ஒரு கதை சொன்னீங்களே... சொத்தை எல்லாம் புள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு ஒரு ராஜா நடுத்தெருவுல நிப்பாரே. அந்த நாடகத்தை இப்பவும் எங்கியாச்சும் ஆடறாங்களா?"

"லியர் மகாராஜா. இந்த ஜூன், ஜூலையில் லண்டன் குளோப் தியேட்டரில் ஆடுகிறார்கள்."

அவ்வளவுதான். காசி, லண்டனாகிவிட்டது!

*

எட்டுப் பேர் சேர்ந்தோம். மெடிக்கல்காரரும் அவர் சம்சாரமும், ரிடையரான ரயில்வேக்காரர், பாவு ஓட்டும் அண்ணன், டீச்சரக்கா, அவர் தங்கை, நான். எட்டாவது ஆள் பெரியப்பா. எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் பெரியப்பா. வயது 76. இதில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டரைப் பேர். டீச்சரக்கா ஒன்று, நான் ஒன்று, 'யெஸ்', 'நோ'விலேயே காலம் தள்ளும் மெடிக்கல்காரர் அரை.

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து வயதில் தார் சுற்றப் போனவர். இன்றைக்கு 24 தறி, ஒரு வீடு, சாமளாபுரம் பக்கம் நாலு ஏக்கர் பூமி. எல்லாம் சுயார்ஜிதம். மூத்த பெண், அடுத்தது பையன், கடைசியாகச் சின்னப் பெண். சின்னது தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஒன்பது வருஷம். "அவ பேர எங்கிட்ட எடுக்காதீங்" என்பதுதான் அதற்கப்புறம் அவர் சட்டம்.

மூத்த இரண்டு பேருக்கும் சொத்தைப் பிரித்து எழுதிவிட, செட்டில்மென்ட் பத்திரத்துக்கு வரைவும் தயார். ஆடி கழித்து ஆவணியில் பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார். "பாரத்தை எறக்கி வெச்சுட்டா நிம்மதியாப் போயிரலாம், கண்ணு" என்றார். ராஜாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

*

கூட்டமாக வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் நாடகத்தின் தேதி, அப்புறம் விசா, கடைசியில்தான் விமான டிக்கெட். எங்கள் ஜனம் நேர்மாறாகக் கேட்டது: "மொதல்ல சோத்துக்கு என்ன வழி?" ஆகவே ஒரு சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நிலக்கடலை எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன.

விசாவுக்குச் சென்னை போய்க் கைரேகை வைத்தோம். பாவு ஓட்டும் அண்ணனுக்கு நூல் பிடித்துப் பிடித்து விரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. மெஷின் நாலு தடவை முழித்துவிட்டு ஐந்தாவது தடவை ஒப்புக்கொண்டது. பயணத்தின் நோக்கம் என்ன என்று படிவம் கேட்டது. 'நாடகம் பார்க்க' என்று எழுதச் சொன்னதும், பூர்த்தி செய்துகொண்டிருந்த பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தான்.

குளோப் தியேட்டரில் இரண்டு வகை இடம். மேடையைச் சுற்றி மூன்று அடுக்கு மாடத்தில் மர பெஞ்சு. மேடைக்கு முன்னால் திறந்த முற்றம்; அங்கே சுமார் 700 பேர் நின்றுகொண்டு பார்க்கலாம். நிற்க டிக்கெட் 2022-ல் ஐந்து பவுண்டிலிருந்து ஆரம்பமானது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 475 ரூபாய். பெஞ்சுக்கு அதைப் போலப் பல மடங்கு. முற்றத்தில் உட்காரக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, மழை வந்தாலும் நாடகம் நிற்காது.

"பெரியப்பா, உங்களுக்கு பெஞ்சு போட்டுரலாமுங்களா? மூணு மணி நேரம் நிக்கோணும்."

"தறிக்குப் பக்கத்துல பன்னண்டு மணி நேரம் நின்ன காலுடா இது. ராஜா மொகத்தைக் கிட்டக்க பாக்கறதுக்குக் காசு கம்மிங்கறே. அப்பறம் எதுக்கு பெஞ்சு?"

நாலு பேர் பெஞ்சு, நாலு பேர் நிற்க என்று முடிவாயிற்று.

அடுத்தது கதை. பாஷை புரியாத இடத்தில் கதையும் தெரியாவிட்டால் தூக்கம்தான் வரும். நாலு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வகுப்பு எடுத்தேன். டீச்சரக்கா சுலபமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்: "1955-ல 'குணசுந்தரி' படம் வந்துதே, மூணு புள்ளைக ராஜா கதை. அது இதுல இருந்து வந்ததுதானுங்க." அவ்வளவுதான், பாதிப் பேருக்குக் கதை பிடிபட்டுவிட்டது. நமக்கு இதெல்லாம் புதிதா என்ன! பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி, அந்தக் காலத்திலேயே வேஷம் கட்டி ஆடிவிட்டாரே.

*

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் தங்கினோம். காரணம் ரொம்ப சிம்பிள்: முருகன் கோயில் உண்டு, தமிழ்க் கடை உண்டு, தோசை உண்டு. அங்கிருந்து பாதாள ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் மேன்ஷன் ஹவுஸ் ஸ்டேஷன். செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து மில்லேனியம் பாலத்தில் ஏறினால், எதிர்க்கரையில் தெரிகிறது தியேட்டர். இந்தப் பாலம் 2000-த்தில் திறந்த அன்றைக்கே ஜனங்கள் நடந்த நடையில் ஆட ஆரம்பித்து, இரண்டே நாளில் மூடி, ரிப்பேர் பார்த்து, 2002-ல் மறுபடி திறந்தார்களாம். "ஏங்க, இப்ப ஆடாதுங்களே?" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் ரயில்வேக்காரர். ஆயுசு பூரா ரயில் பாலத்தில் போய் வந்தவர்!

குளோப்பைப் பார்த்ததும் பாவு ஓட்டும் அண்ணன் சொன்னது: "அட, கூரை வேஞ்ச கொட்டாய்!"

உண்மைதான். நாணல் கூரை. 1666-ல் லண்டனே எரிந்த பெரிய தீவிபத்துக்குப் பிறகு, கூரை வேய அந்த நகரத்தில் அனுமதி பெற்ற முதல் கட்டடம் இதுதான். ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் 1613-ல் எரிந்துபோனது. நாடகத்தில் பீரங்கி வெடித்தார்கள், பொறி கூரையில் பற்றியது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடிக்க, பக்கத்தில் இருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். திரும்பக் கட்டிய கொட்டகையும் 1642-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது.

இப்போது நிற்பதைக் கட்ட வைத்தவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். 1949-ல் லண்டன் வந்து குளோப்பைத் தேடினால், ஒரு பெயர்ப்பலகை மட்டும் இருந்ததாம். மனசு கேட்காமல் பிற்பாடு பணம் திரட்டிக் கட்ட ஆரம்பித்தார். 1993-ல் இறந்துபோனார். தியேட்டர் திறந்தது 1997-ல். கட்டினவர் பார்க்கவில்லை.

"அனுபவிக்கறவன் வேற, பாடுபடறவன் வேற" என்றார் பெரியப்பா, ஓக் மரத் தூணைத் தடவிக்கொண்டே.

*

மத்தியான ஆட்டம். வெளிச்சத்தை அணைப்பதென்கிற பேச்சே கிடையாது. நடிகர்களுக்கு நம் முகம் தெரிகிறது, நமக்கு அவர்கள் வியர்வை தெரிகிறது. கூத்துக் களம் மாதிரியே.

ராஜா மேடைக்கு வந்தார். பெரியப்பா என் காதில், "என்றா இது... பொம்பளை மாதிரி தெரியுது?"

பொம்பளைதான். கேத்ரின் ஹன்டர் என்ற 65 வயது நடிகை. சின்ன உருவம், கரகரத்த குரல். 1997-லேயே லியர் வேஷம் கட்டியவர். நான் சொன்னேன்: "நம்ம கொடுமுடி சுந்தராம்பாள் 1935-ல நந்தனாரா நடிக்கலீங்களா பெரியப்பா?"

"அதுஞ் சரிதான்" என்று சமாதானமானார்.

அப்புறம் பேச்சில்லை. யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று ராஜா கேட்கிறார். மூத்ததுகள் இரண்டும் வாய் நிறையப் புகழ்கின்றன. கடைசிப் பெண் புகழ மறுக்கிறாள். அவளுக்கு ஒன்றும் கிடையாது என்று துரத்துகிறார். பெரியப்பா மேடை விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

ராஜா தனக்கென்று வைத்துக்கொண்டது நூறு வீரர்கள். மூத்தவள் ஐம்பது போதும் என்கிறாள். இளையவள் இருபத்தைந்து என்கிறாள். அப்புறம் பத்து, ஐந்து, ஒன்றுதான் எதற்கு என்கிறார்கள். பாஷை தெரியாத பெரியப்பா விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி விரலை மடக்கினதும் கையை அப்படியே மூடிக்கொண்டார்.

புயலில் ராஜா வானத்தைப் பார்த்துக் கத்துகிறபோது, நிஜமாகவே மேலே ஒரு விமானம் கடகடவென்று போயிற்று. ஹன்டர் அம்மா அசரவில்லை. அதற்கும் சேர்த்துக் கத்தினார்! ராஜாவோடு ஒரு கோமாளி திரிகிறான். டீச்சரக்கா கண்டுபிடித்துவிட்டார்: "வாத்தியாரே, தொரத்தி உட்ட சின்னப் புள்ளைதானுங்க கோமாளியாவும் வந்திருக்கு!" இரண்டு வேஷமும் மிஷெல் டெர்ரி என்ற ஒரே நடிகைதான். அந்தத் தியேட்டருக்குத் தலைமையும் அப்போது அவர்தான். துரத்தின பெண்ணே வேஷம் மாறிக் கூடவே வருகிற மாதிரி இருந்தது.

முடிவில் செத்துப்போன சின்னப் பெண்ணைப் பார்த்து ராஜா ஊளையிட்டபோது, முற்றத்தில் சீனாக்காரர், ஆப்பிரிக்காக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். வீரப்பூர் படுகளத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

*

திரும்பும் ரயிலில் பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. ஐந்தாறு ஸ்டேஷன் தாண்டின பிறகு கேட்டார்:

"ஏப்பா வாத்தியாரே, அந்த ராஜா பத்தரத்துல கண்டிசன் எதுனா போட்டுருந்தாரா?"

"வாயாலதான் சொன்னாருங்க. எழுதல."

"அதான்!"

இனி நான் சொன்னதை வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம். 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதில் 23-வது பிரிவு. அறுபது வயதானவர், 'என் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவர் கைவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைவர் ஆர்.டி.ஓ. ஆனால் நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் புத்திசாலித்தனம். எழுதாமல் விட்டால் வழக்கில் வக்கீலுக்குத்தான் வேலை. அதோடு, ஆயுசு வரைக்கும் குடியிருக்க, வருமானம் வாங்க உரிமை வைத்துக்கொண்டும் எழுதலாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரயில் ஈஸ்ட் ஹாம் வந்துவிட்டது. இறங்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அந்தச் சின்னப் புள்ளைக்கு ஒண்ணுமே எழுதலியா அந்தாளு?" என்றார்.

"எழுதறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்களே."

*

ஆவணியில் பத்திர ஆபீசுக்குப் போனேன். சாட்சி என்றால் படித்துப் பார்க்க வேண்டுமே, படித்தேன். வீடும் எட்டுத் தறி வருமானமும் அவர் ஆயுசு வரைக்கும் அவருக்கே. பராமரிப்பு நிபந்தனை கறுப்பு மையில் தெளிவாக இருந்தது. பழைய வரைவில் இரண்டு பெயர். இதில் மூன்று. நாலு ஏக்கரில் ஒன்றேகால் ஏக்கர் சின்னப் பெண்ணுக்கு.

மூத்த பெண்ணும் பையனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண் வரவில்லை. அப்பனும் மகளும் அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் தீபாவளிக்கு முதல் நாள், அவர் வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடிக் குட்டிச் செருப்புக் கிடந்ததைப் பார்த்தேன். உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம் செலவு. நாடகத்துக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த டூருக்குச் சீட்டுப் போடலாமா என்ற பேச்சு வந்தபோது பெரியப்பா கேட்டார்:

"அடுத்து எந்த ராஜாடா?"

"மாக்பெத்துங்க."

"அதுலயும் சொத்துத் தகராறா?"

"இல்லீங்க, கொலை."

"அப்ப வேண்டாம் சாமி. அதுக்குச் சாட்சி சொல்ல நீ வரமாட்டே!"